உஷார்! ஹெரால்டுக்கு அகல டயர் மாட்டப் போகிறீர்களா?

மதுரைப் பக்கம் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்கள், எங்கோ தோட்டத்தில் கிடந்ததை வாங்கிப் புதுப்பிக்கிறவர்கள், எல்லோரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். இதைப் படித்துவிட்டு டயர் கடைக்குப் போங்கள்.

டிங்கரிங் முடிந்து, பெயின்ட் காய்ந்து, வண்டி பளபளவென்று வந்து நிற்கும்போதுதான் அந்த ஆசை வருகிறது. 'இந்த ஒல்லி டயர்தான் லுக்கைக் கெடுக்குது. அகலமா அலாய் போட்டா ரேஸ் கார் மாதிரி நிக்கும்.' பைபாஸ் ரோட்டுப் பக்கம் போனால் கண்ணாடிக்குப் பின்னால் விதவிதமாக அலாய் தொங்குகிறது. கடைக்காரத் தம்பி குனிந்து பார்த்துவிட்டு, 'நாலு ஓட்டைதானண்ணே, உக்காந்துரும்' என்பார். மாட்டியும் விடுவார். வண்டி தெருமுனை வரை நன்றாகவே ஓடும்.

ஆபத்து அங்கேயே தொடங்கிவிட்டது. தவறான வீல் உடனே தன்னைக் காட்டிக்கொள்ளாது. நூறு கிலோமீட்டரோ ஆயிரம் கிலோமீட்டரோ கழித்து, ரிங் ரோட்டு வேகத்திலோ கொடைக்கானல் மலை வளைவிலோ போல்ட் முறியும், முன்சக்கரம் மடங்கும், பின்பக்கம் தூக்கியடிக்கும். 60 ஆண்டு பழைய காரில் ஏர்பேக் கிடையாது. பல வண்டிகளில் சீட் பெல்ட் மாட்டக்கூட இடம் கிடையாது. அதனால்தான் இத்தனை பதற்றத்தோடு எழுதுகிறேன்.

உங்கள் கையில் இருப்பது எந்த வண்டி?

ஹெரால்டு சாதாரண பழைய கார் அல்ல. இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டு என்று வந்தது. உடலை வரைந்தவர் இத்தாலியின் ஜியோவான்னி மிக்கெலோட்டி. அதன் சேஸியைச் சுருக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். முன் சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பின் ஆக்சில் எல்லாம் ஒரே குடும்பம். நம் ஊரில் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் 1971 வரை ஹெரால்டைத் தயாரித்தது. 948 சிசி எஞ்சின். 1968இல் நான்கு கதவு மார்க் 3 வந்தது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் இந்த வண்டியும் ஓடியது. தமிழ்நாட்டில் செய்யப்பட்டு, ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு இவ்வளவு நெருங்கிய உறவு கொண்ட வண்டி இது.

பெருமைப்படுங்கள். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: இந்த வண்டியின் ஒவ்வொரு பாகமும் 5.20-13 என்ற மெல்லிய கிராஸ்பிளை (ரேடியலுக்கு முந்தைய வகை) டயரையும், 3.5 அங்குல அகலமுள்ள 13 அங்குல ரிம்மையும் மனதில் வைத்தே கணக்குப் போட்டுச் செய்யப்பட்டது. அந்தக் கணக்கில் ஒன்றை மாற்றினால் மற்றவற்றையும் அது இழுக்கும்.

உஷார் 1: 'நாலு ஓட்டை' எல்லாம் ஒரே ஓட்டை அல்ல

வீலில் இருக்கும் போல்ட் ஓட்டைகளின் மையங்களை இணைத்து ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டத்துக்குக் கடைகளில் பி.சி.டி. என்பார்கள். ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் அது 95.25 மி.மீ., அதாவது 3.75 அங்குலம். இன்றைய சிறிய கார்களுக்கு வரும் அலாய்களில் பெரும்பாலானவை 100 மி.மீ. பழைய ஃபியட் அளவான 98 மி.மீ. அலாயும் சந்தையில் உண்டு. மாருதி 800க்கு 114.3 மி.மீ. என்பதால் அது ஏறவே ஏறாது. அந்த வகையில் அது நல்லது. ஏறாத வீல் யாரையும் கொல்வதில்லை. ஏறிவிடுகிற வீல்தான் பயங்கரம்.

100 மி.மீ. அலாயை 95.25 ஹப்பில் வைத்தால் ஒவ்வொரு போல்ட்டும் ஓட்டையின் மையத்திலிருந்து சுமார் 2.4 மி.மீ. விலகி நிற்கும். 98 மி.மீ. என்றால் சுமார் 1.4 மி.மீ. ஓட்டை கொஞ்சம் பெரிதாக இருந்தால் போல்ட் நுழைந்துவிடும். நட்டை முடுக்கினால் இறுகியது போலவே இருக்கும். ஆனால் நட்டின் கூம்பு முகம் ஓட்டையின் ஒரு பக்க விளிம்பில் மட்டுமே உட்கார்ந்திருக்கும். சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் போல்ட்டை வளைக்கும், நிமிர்த்தும், மறுபடி வளைக்கும். ஹெரால்டின் போல்ட் வெறும் 3/8 அங்குலக் கனம். இந்த வளைவை அது எத்தனை நாள் தாங்கும்?

இதற்கு லேத் பட்டறையில் 'தீர்வு' சொல்வார்கள். ஓட்டையை நீட்டி ஓவலாக்குவது, அடைத்து வெல்டு வைத்து மறுபடி துளைப்பது. இரண்டுமே வேண்டாம். அலாய் வார்ப்பில் வெல்டு வைத்த இடம் பலவீனமாகிவிடும். ஓவல் ஓட்டையில் நட் உட்காரவே உட்காராது.

வீட்டிலேயே அளக்கலாம். வெர்னியர் காலிபர் எடுத்து, எதிரெதிரே இருக்கும் இரண்டு போல்ட்களில் ஒன்றின் வெளி விளிம்பிலிருந்து மற்றதன் உள் விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். அதுதான் மையத்துக்கு மையம். 95.25 வர வேண்டும். வாங்கப் போகும் வீலின் பின்பக்கத்தில் வார்ப்பிலேயே பி.சி.டி. அச்சிட்டிருக்கும். அச்சு இல்லாத வீலை வாங்காதீர்கள்.

உஷார் 2: 'உயரம் சரியா வருது' என்ற அரை உண்மை

டயர் அளவு தெரிந்த கடைக்காரர்கள் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். அந்தக் கணக்கு சரிதான். ஆபத்து அது சொல்லாமல் விடுவதில் இருக்கிறது.

185/60 R14 என்றால் 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பக்கச்சுவரை இரண்டால் பெருக்கி, ரிம் விட்டத்தைக் கூட்டினால் டயரின் மொத்த உயரம் வந்துவிடும். ஹெரால்டின் பழைய 5.20-13க்கு அது சுமார் 582 மி.மீ. மற்றவற்றைப் பாருங்கள்:

145/80 R13: 562 மி.மீ.
155/80 R13: 578 மி.மீ.
175/70 R13: 575 மி.மீ.
185/60 R14: 578 மி.மீ.
155/65 R13: 532 மி.மீ.

பார்த்தீர்களா? 185/60 R14 கணக்கில் அற்புதமாகப் பொருந்துகிறது. ஸ்பீடாமீட்டர்கூடச் சரியாகக் காட்டும். ஆனால் பழைய டயரின் அகலம் 132 மி.மீ.; இதன் அகலம் 185. அந்த 53 மி.மீ. எங்கே போகும்? உள்ளே பாதி, வெளியே பாதி. உள்ளே சஸ்பென்ஷனும் சேஸியும் இருக்கின்றன. வெளியே மட்கார்டு விளிம்பு இருக்கிறது. உயரத்தை மட்டும் பார்த்து யாராவது 'மேட்சிங்' என்றால், அகலத்தை நீங்கள் கேளுங்கள்.

எதிர்த் தவறும் நடக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்றைய சின்னக் கார்களின் 155/65 R13 டயரை ஏற்றிவிடுகிறார்கள். உயரம் எட்டரை சதவீதம் குறைந்துவிடும். ஸ்பீடாமீட்டர் 80 காட்டும்போது வண்டி 73இல்தான் போகும். அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகம் சுற்ற வேண்டும், சூடு ஏறும். தரையிலிருந்து வண்டி 25 மி.மீ. இறங்கிவிடும். உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துக் கிராமச் சாலைகளில் ஊருக்கு ஊர் போட்டிருக்கும் வேகத்தடைகளை நினைத்துப் பாருங்கள். சைலன்சரும் சேஸியும் தட்டாமல் எப்படிப் போவீர்கள்?

ரிம்மின் அகலம் இன்னொரு கண்ணி. 145/80 R13 டயர் 3.5 அங்குல ரிம்மில் உட்காரலாம். 155/80 R13க்குக் குறைந்தது 4 அங்குலம் வேண்டும்; 4.5 இருந்தால் உத்தமம். 175/70க்கு 5 அங்குலத்தை ஒட்டிய ரிம் வேண்டும். ஒல்லி ரிம்மில் அகல டயரைத் திணித்தால் அதன் முகம் தட்டையாக நிற்காமல் உப்பிவிடும். சாலையில் பதிவது நடுப்பகுதி மட்டும். வளைவில் பக்கச்சுவர் துவளும். காசு கொடுத்து வாங்கிய அகலம் பிடிமானத்துக்கு உதவாது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். டிரையம்ஃப் கம்பெனி என்ன செய்தது என்று பாருங்கள். 1970இல் ஸ்பிட்ஃபயர் மார்க் 4 வந்தபோது 4.5 அங்குல ரிம்மும் 145 ரேடியலும் கொடுத்தார்கள். பிறகு வந்த ஸ்பிட்ஃபயர் 1500, மணிக்கு 160 கி.மீ. தொடக்கூடிய வண்டி. அதற்குக்கூட 155 ரேடியலோடு நிறுத்திக்கொண்டார்கள். ஸ்போர்ட்ஸ் காருக்கே 155 போதும் என்று அதைச் செய்தவர்களே முடிவு கட்டியிருக்கும்போது, 948 சிசி ஹெரால்டுக்கு 185 எதற்கு?

உஷார் 3: ஸ்பேசர் வைத்து வெளியே தள்ளினால் முன்சக்கரம் மடங்கும்

அகல டயர் உள்ளே தட்டுகிறது என்றால் ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே ஸ்பேசர் என்ற தடித் தகட்டை வைக்கும் அடுத்த யோசனை தயாராக இருக்கும்: 'ஒரு ஸ்பேசர் வச்சு வெளிய தள்ளிரலாம்ணே.'

இங்கேதான் ஹெரால்டின் மிகப் பலவீனமான இடம் இருக்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த இரும்பின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு பித்தளைக் கட்டிக்குள் திருகி நிற்கும். அதன் பெயர் டிரனியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை அந்தப் பித்தளைக்குள் சுழல்கிறது. முன்பக்கத்தின் அந்த மூலைச் சுமையெல்லாம் அதன் வழியாகத்தான் தரைக்கு வருகிறது.

டிரனியனுக்குக் கியர் ஆயில், இ.பி. 90 ஊற்ற வேண்டும். நம் பட்டறைகளில் கிரீஸ் கன்னை வைத்து கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கெட்டியான கிரீஸ் மரையின் அடி வரை இறங்காது. உள்ளே ஈரம் தேங்கித் துரு பிடிக்கும், இரும்பு அரித்துப்போகும். ஒருநாள் பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது 'டக்' என்று முறிந்து சக்கரம் படுத்துவிடும். பார்க்கிங்கில் முறிந்தால் அதிர்ஷ்டம். அதே முறிவு நான்குவழிச் சாலையில் நடந்தால்?

சக்கரத்தை வெளியே தள்ளத் தள்ள இந்த டிரனியன் மீதும், ஸ்டப் ஆக்சில் மீதும், பேரிங் மீதும் நெம்புகோல் நீளம் கூடுகிறது. ஒவ்வொரு குழியிலும் விழும் அடி பெருகுகிறது. 60 வயதான, ஏற்கெனவே பாதி அரித்திருக்கக்கூடிய இரும்பின் மீது இந்தச் சுமையை ஏற்றலாமா?

ஸ்பேசர் வைத்தால் போல்ட்டில் நட் பிடிக்கும் மரையும் குறையும். நட் பிடித்திருக்கும் மரையின் நீளம் போல்ட்டின் கனத்துக்காவது சமமாக இருக்க வேண்டும். அலாயின் ஹப் பகுதி இரும்பு ரிம்மைவிடத் தடிமன். அதன்மேல் ஸ்பேசரும் சேர்ந்தால் நட் நாலைந்து சுற்றிலேயே நின்றுவிடும். முடுக்கும்போது சுற்றுகளை எண்ணுங்கள். இந்தச் சின்ன போல்ட்டுக்கு ஏர் கன்னும் வேண்டாம். அதன் முரட்டு முடுக்கில் போல்ட் இழுபட்டு நீண்டுவிடும். கை ஸ்பானரால், முடிந்தால் டார்க் ரெஞ்சால், குறுக்குக் குறுக்காக முடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள், அதாவது 7.6 மீட்டருக்குள் திரும்பிவிடும். மாருதி 800க்கே 8.8 மீட்டர் வேண்டும். மாசி வீதிகளின் சந்துகளில் ஹெரால்டு பம்பரமாய்த் திரும்பியதன் ரகசியம் அதுதான். முன்சக்கரம் அவ்வளவு கூர்மையாக ஒடியும். அப்படி ஒடிய, உள்ளே இடம் வேண்டும். அகல டயர் போட்டால் முழு ஒடிப்பில் சேஸியையோ சஸ்பென்ஷன் கையையோ உரசும். நேராக ஓட்டிப் பார்த்தால் இது தெரியாது. ஒரு பள்ளத்தில் இறங்கியபடி திரும்பும்போது உரசி, பக்கச்சுவர் கிழியும்.

உஷார் 4: நாலுக்கும் ஒரே காற்று அடிக்காதீர்கள்

ஹெரால்டின் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில். சக்கரமும் அரை ஆக்சிலும் ஒன்றாக, டிஃபரன்ஷியலைக் கீலாக வைத்து மேலும் கீழும் ஆடும். வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ பிரேக் அடித்தாலோ பின்பக்கம் மேலே எழும்பும். வெளிப்புறச் சக்கரம் உள்நோக்கி மடியும். பின்பக்கம் வழுக்கிக்கொண்டு சுழலும். நம் மெக்கானிக்குகளுக்கும் இந்த ஆக்சில் பிடிக்கவில்லை. ஹெரால்டுக்குப் பிறகு 1972இல் வந்த ஸ்டாண்டர்டு கெஸெலில் இதைக் கைவிட்டு, ஒரே துண்டு ஆக்சிலுக்குப் போனார்கள். ஸ்பிட்ஃபயரிலும் மார்க் 4இல் பின் ஸ்பிரிங்கின் அமைப்பை மாற்றினார்கள். ஹெரால்டுக்கு அந்த வைத்தியம் கிடைக்கவே இல்லை.

பின்னால் அகலமான, ஒட்டிப் பிடிக்கும் டயர் போட்டால் பாதுகாப்புதானே என்று தோன்றும். நேர்மாறு! பிடிமானம் கூடக் கூட, வளைவில் பின்பக்கத்தை மேலே தூக்கும் விசையும் கூடும். மெல்லிய டயர் கொஞ்சம் வழுக்கி உங்களை எச்சரித்திருக்கும். அகல டயர் எச்சரிக்காமல் கடைசி நொடி வரை பிடித்திருந்துவிட்டு ஒரேயடியாகக் கைவிடும்.

காற்று விஷயம் இதைவிட முக்கியம். 5.20-13 டயருக்கு ஹெரால்டு கையேடு முன்னால் ஏறக்குறைய 20 பாயிண்டும், பின்னால் 24, 25ஐ ஒட்டியும் வைக்கச் சொல்கிறது. அந்த நாலைந்து பாயிண்ட் வித்தியாசம்தான் பின்பக்கம் முந்திக்கொண்டு வழுக்காமல் காப்பது. பெட்ரோல் பங்கில் போய் நின்றால் பழக்க தோஷத்தில் நாலுக்கும் 32 அடித்துவிடுகிறார்கள். சொல்லி அடிக்க வையுங்கள். ரேடியல் மாற்றியிருந்தால் இரண்டு பக்கமும் சில பாயிண்ட் கூட்டலாம். வித்தியாசத்தை அழிக்கக் கூடாது.

அமெரிக்காவில் இதே பாடத்தை விலை கொடுத்துப் படித்தார்கள். செவ்ரலே கோர்வேர் என்ற காருக்கும் பின்னால் ஸ்விங் ஆக்சில். முன்னால் 15, பின்னால் 26 பாயிண்ட் என்று கம்பெனி குறித்திருந்தது. அதை ஓட்டுநர்களும் அறியவில்லை, பங்குகளும் மதிக்கவில்லை. 1965இல் ரால்ஃப் நாடெர் எழுதிய 'அன்சேஃப் அட் எனி ஸ்பீடு' புத்தகத்தின் முதல் அத்தியாயமே அந்த வண்டியைப் பற்றியது. அதன் பிறகுதான் அமெரிக்காவே வாகனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு எழுந்தது. பாயிண்ட் வித்தியாசத்தைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள்.

ரேடியலையும் கிராஸ்பிளையையும் கலக்கவும் கூடாது. முன்னால் புது ரேடியல், பின்னால் பழைய கிராஸ்பிளை என்பது இந்த வண்டியில் மிக மோசமான ஜோடி. நான்கும் ஒரே வகை, ஒரே அளவு. ஸ்டெப்னியும் அதே.

உஷார் 5: பட்டன் புதுசு, ரப்பர் கிழடு

பழைய கார் ஓடுவது குறைவு. ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாமல் டயர் பத்து வருடம் நிற்கும். பட்டன் ஆழமாக இருக்கும். 'டயர் புதுசு மாதிரி இருக்கே' என்று அப்படியே கொடைக்கானலுக்குக் கிளம்பிவிடுவார்கள். சித்திரை வைகாசியில் 40 டிகிரி தாண்டும் ஊர் இது. வெயிலில் நிற்கும் டயரின் ரப்பர் இறுகும். பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்பு ஓடும். காற்றும் குறைந்திருந்தால், ஓடும்போது டயர் அதிகமாக மடிந்து மடிந்து உள்ளேயே சூடாகும். பிறகு பட்டனே உரிந்து வரும்.

2013இல் கலிஃபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் இறந்த போர்ஷே கரேரா ஜிடி விபத்தில் அதிவேகமே காரணம் என்று புலனாய்வாளர்கள் சொன்னார்கள். கூடவே, அந்தக் காரின் டயர்கள் ஒன்பது வருடம் பழையவை என்பதையும் அதன் ஓட்டத்தை அது பாதித்திருக்கலாம் என்பதையும் குறிப்பிட்டார்கள். உலகின் விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் காருக்கே அந்தக் கதி.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பக்கத்திலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். ஆறு வருடம் தாண்டிய டயரை ஒவ்வொரு வருடமும் கழற்றி உள்ளும் புறமும் பாருங்கள். பத்து வருடம் தாண்டினால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

'ஒரிஜினல் 5.20-13 இருக்கு, பழைய ஸ்டாக்' என்று யாராவது சொன்னால் இரட்டிப்பு உஷார்! 2020 ஜூன் முதல் புது டயர் இறக்குமதிக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்று ஆகிவிட்டது. அதனால் அபூர்வ அளவுகளுக்குக் கிராக்கி கூடியிருக்கிறது. குடோனில் இருபது முப்பது வருடம் கிடந்த டயரை மெழுகு போட்டுத் துடைத்துத் தருகிறார்கள். காட்சிக்கு நிறுத்தும் வண்டிக்கு அது போதும். குடும்பத்தோடு ஏறி ஓட்டும் வண்டிக்கு ஆகாது.

நம் ஊர் டயருக்குப் பேர் போன ஊர்தான். டி.வி.எஸ். நிறுவனம் 1911இல் பிறந்தது மதுரையில். மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ராவின் தொழிற்சாலை இருக்கிறது. ஆனால் அந்தத் தொழிற்சாலை பேர் வாங்கியது இருசக்கர, மூன்று சக்கர டயர்களுக்கு. ஹெரால்டுக்கு வேண்டிய 13 அங்குலக் கார் டயரை வேறு கம்பெனிகளிடம்தான் தேட வேண்டும். 145/80 R13, 155/80 R13 இரண்டும் நம் நாட்டிலேயே தயாராகின்றன. கிடைக்காத பொருள் அல்ல. லாரிக்குச் செய்வது போல இந்தக் கார் டயருக்கு ரீட்ரேடிங் செய்யவும் போகாதீர்கள். பத்து வருடத்து உடலுக்கு மேலே புதுப் பட்டன் ஒட்டி எந்தப் பயனும் இல்லை.

இன்னொன்று: ஹெரால்டின் பழைய ரிம்மைக் கவனியுங்கள். டியூப்லெஸ் டயரின் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடு அதில் இருக்காது. ரேடியல் போட்டாலும் உள்ளே ரேடியலுக்கு ஏற்ற டியூப் போடுங்கள். ரிம்மைத் துரு நீக்கி, சுற்றவிட்டு, கோணல் பார்த்த பிறகே டயர் ஏற்றச் சொல்லுங்கள்.

சட்டமும் பின்னால் நிற்கிறது

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அளவிலிருந்து வண்டியை மாற்றி அமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. மட்கார்டை விட்டுப் பிதுங்கி நிற்கும் வீலை நிறுத்திக் கேட்க அதிகாரிக்கு உரிமை உண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரும் அதே கேள்வியைத்தான் முதலில் கேட்பார்.

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகன விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவு முடிந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு அவை பொருந்தும். நம் ஹெரால்டுகள் எல்லாம் அந்த வயதைத் தாண்டிவிட்டன. சேஸி, பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அகல டயர் தட்டுகிறது என்று மட்கார்டு விளிம்பை வெட்டிவிட்டால் கை வைத்தது பாடியில். வீலைத் திரும்பக் கழற்றலாம். வெட்டிய தகட்டை என்ன செய்வீர்கள்? இப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே எடுக்கலாம். பதியும் முன் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, எதைத்தான் போடுவது?

ஒரிஜினல் 3.5 அங்குல ரிம் நல்ல நிலையில் இருந்தால்: 145/80 R13 ரேடியல், டியூபோடு, நான்கும் ஸ்டெப்னியும் ஒன்றாக. உயரம் 20 மி.மீ. குறையும், ஸ்பீடாமீட்டர் மூன்று, நான்கு சதவீதம் கூட்டிக் காட்டும். பாதுகாப்புக்குக் குறை இல்லை.

4 அல்லது 4.5 அங்குல ரிம், 95.25 பி.சி.டி.யோடு கிடைத்தால்: 155/80 R13. உயரம் கிட்டத்தட்ட ஒரிஜினல். ஸ்பிட்ஃபயர் மார்க் 4இன் இரும்பு ரிம் இதற்குப் பொருந்தும். இதுதான் எல்லை. இதற்கு மேல் அகலம் வேண்டாம்.

பணம் கொடுக்கும் முன் இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் முன்பக்க டிரனியன் இரண்டையும் கழற்றிப் பாருங்கள். மரையில் அரிப்பு இருந்தால் டயருக்கு வைத்திருந்த பணத்தை அதற்குச் செலவழியுங்கள். இரண்டாவது, பி.சி.டி.யை அளந்துகொள்ளுங்கள். மூன்றாவது, ஒரே ஒரு வீலை மட்டும் மாட்டி, மட்கார்டின் உள்விளிம்பிலும் சேஸி ஓரத்திலும் களிமண் உருண்டை ஒட்டுங்கள். வண்டியில் நான்கு பேரை ஏற்றி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்க ஒடித்து, மெதுவாக ஒரு வேகத்தடை ஏற்றி இறக்குங்கள். களிமண் நசுங்கியிருந்தால் அந்த வீல் வேண்டாம். பின்பக்கத்திலும் அதையே செய்யுங்கள். நான்காவது, நட் பிடிக்கும் சுற்றுகளை எண்ணுங்கள். ஐந்தாவது, தயாரிப்பு வாரம் பாருங்கள். எல்லாம் முடிந்து மாட்டிய பிறகு முதல் 50 கி.மீ.யில் நட்டுகளை மறுபடி முடுக்குங்கள். காற்றைக் காலையில், வண்டி ஓடும் முன், முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறாகப் பிடியுங்கள்.

ஏற்கெனவே அலாய் மாட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களா? இன்று சாயங்காலமே ஒரு வீலைக் கழற்றி நட் உட்கார்ந்த ஓட்டைகளைப் பாருங்கள். கூம்பு பதிந்த தடம் வட்டமாக முழுவதும் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்தால் அந்த வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். பழைய இரும்பு ரிம்மை மாட்டும் வரை அதில் யாரையும் ஏற்றாதீர்கள், நீங்களும் ஏறாதீர்கள்.